தர்மபுரி எலும்புகள்: ஒரு சின்ன வரலாறு



ஒகேனக்கல்லுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பேருந்தை விட்டு இறங்கியதுமே இரண்டு கூட்டம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். ஒன்று பரிசல்காரர்கள். இன்னொன்று எண்ணெய் பாட்டிலும் கையுமாக நிற்கும் மசாஜ்காரர்கள். ஆற்றோரப் பாறையில் குப்புறப் படுக்கப் போட்டு, முதுகில் படபடவென்று தட்டி, கை காலை இழுத்து முறித்து, கடைசியில் அருவியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். பெங்களூரிலிருந்து வரும் பையன்களுக்கு அது ஜாலி. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வரும் பெரியவர்களுக்கு அது வைத்தியம்.

எங்கள் தாத்தா வருடா வருடம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்விடுவார். சாமி, குளியல் எல்லாம் அப்புறம்தான். முதலில் மசாஜ். அவர் கழுத்து திரும்பாது. பின்னால் நின்று கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டார், மொத்த உடம்போடு திரும்புவார். சின்ன வயதில் நாங்கள் அதைச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறோம். ஏன் தாத்தா இப்படி என்று கேட்டால், "வயசாச்சுல்ல கண்ணு, வாதம்" என்பார். ஊரில் அவர் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் நடந்தார்கள். அதனால் வயதானால் எல்லோருக்கும் முதுகு இப்படித்தான் ஆகும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சேர்ந்து, தஞ்சாவூர்க்கார நண்பன் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய தாத்தா எண்பது வயதில் குனிந்து செருப்பு வாரை மாட்டுவதைப் பார்த்து அசந்துபோனேன்.

மாவட்ட வரலாறு ஏதாவது எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொன்னபோது எல்லோரும் அதியமானை எடுத்துக்கொண்டார்கள். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தவன் ஆண்ட தகடூர்தானே இன்றைய தர்மபுரி. நான் அந்த ஊர்க் கிழவர்களின் எலும்பை எடுத்துக்கொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும் :-)

விஷயத்துக்கு வருவோம். தாத்தாவுக்கு இருப்பது வெறும் வயோதிகம் இல்லை, ஃப்ளோரோசிஸ். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு உப்பு பல வருடங்கள் உடம்புக்குள் போய்ச் சேர்வதால் வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமோடு நின்றால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த அளவைத் தாண்டிய கிணறுகளும் போர்களும் ஏராளம். கலங்கலாக இருக்காது, நாற்றம் அடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

உள்ளே போன ஃப்ளோரைடில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. உடம்பில் தங்குவதில் கிட்டத்தட்ட எல்லாமே, நூற்றுக்கு 99 பங்கு, எலும்பிலும் பல்லிலும்தான் போய் உட்காருகிறது. பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அது பழுப்புக் கறையாகத் தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தால் ஊர்ப் பெயர் கேட்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. எலும்பு உள்ளுக்குள்ளேயே தடிக்கிறது. எலும்புகளை இணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிகிறது. முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடிக்கக் கிராமங்களில் மூன்று எளிய சோதனைகள் செய்வார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டும். தாடையை நெஞ்சில் வைக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கிப் பிடரியில் கோர்க்க வேண்டும். தாத்தாவுக்கு மூன்றுமே வராது. பள்ளிக்கூடத்து ட்ரில் வாத்தியார் தினமும் எங்களைச் செய்ய வைத்ததும் ஏறக்குறைய இதே மூன்றுதான், காரணம்தான் வேறு.

இந்த நோயை இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டது நம் பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நான்கு பேர்: ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், நாயர். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இயக்குநராக இருந்தவர் ஷார்ட். மலேரியாக் கிருமி ரத்தத்தில் இறங்குவதற்கு முன் கல்லீரலில் ஒளிந்திருக்கிறது என்று 1948ல் கார்ன்ஹாமோடு சேர்ந்து நிரூபித்தாரே, அதே ஷார்ட். பர்னார்ட் யார் என்று சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே எக்ஸ்ரே பிரிவே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் பார்த்தது நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களை. அப்போது அதுவும் சென்னை மாகாணம். வயல்காட்டில் வேலை செய்தவர்கள் நடுவயது தாண்டியதும் முதுகு பலகை போல விறைத்து நிற்பதைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, குடித்த தண்ணீரையும் சோதித்து இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1937ல் டென்மார்க்கில் கை ரோஹோம் என்ற மருத்துவர் ஃப்ளோரின் நச்சைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். கோபன்ஹேகனில் கிரையோலைட் என்ற தாதுவை அரைக்கும் ஆலை இருந்தது. தாது கிரீன்லாந்திலிருந்து வரும். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரலில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க 1932ல் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் நுரையீரலை விட எலும்புகள்தான் கண்ணை உறுத்தின, சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக. அங்கே தூசியாக உள்ளே போனது, இங்கே சொம்பில் போயிருக்கிறது. அங்கே நோயாளிகள் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர்கள். இங்கே ஊர் ஊராக.

நெல்லூரில் 1937லேயே தெரிந்த விஷயம் தர்மபுரிக்காரன் காதுக்கு வர ஏன் அவ்வளவு காலம் ஆனது? 1965 வரை தர்மபுரி தனி மாவட்டமே இல்லை, சேலத்தின் வறண்ட வடக்கு மூலை, அவ்வளவுதான். அதை விடப் பெரிய காரணம் போர்வெல் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் பூமி முழுக்கக் கடினப் பாறை. ஒகேனக்கல்லில் காணும் கார்பனடைட் பாறைகளுக்கு 240 கோடி ஆண்டு வயது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதிப் பாறைகளில் இருக்கும் அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரின் உண்டு. மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் எவ்வளவு காலம் தேங்கி நிற்கிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு அதில் இறங்கும். ஏரித் தண்ணீரும் மேல்மட்டக் கிணற்றுத் தண்ணீரும் குடித்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவாக இருந்திருக்க வேண்டும்.

1970களில் ஊருக்கு ஊர் துளை போட்டு அடிபம்பு நட்டார்கள். இந்தியா மார்க் 2 என்ற அந்தப் பம்பு கோயம்புத்தூர்ப் பக்கம்தான் பரிசோதிக்கப்பட்டது, உலகமே பாராட்டிய பம்பு. காலராவும் வயிற்றுப்போக்கும் குறைய அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிருமி இல்லாத தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று ஆழமாகத் தோண்டினார்கள், ஆழத்தில் பாறைக்குள் கிடந்த தண்ணீர் மேலே வந்தது. தாத்தாவுக்கு அப்போது இருபது சொச்சம் வயது. கழுத்து நின்றுபோக அதற்குப் பிறகு 25 வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது சாப்பாட்டு விஷயம். ஒரே ஊரில் ஒரே தண்ணீர் குடித்தும் ஒருவர் நிமிர்ந்து நடக்கிறார், இன்னொருவர் முடங்கிவிடுகிறார். இதற்குப் பதிலில் ஒரு பகுதி ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து வந்தது. (குன்னூரில் 1918ல் மெக்காரிசன் தொடங்கி, பிறகு ஹைதராபாத் போன நிறுவனம் அது.) அங்கே வேலை பார்த்த கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி இருவரும் 1973ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஃப்ளோரைடு அதிகமுள்ள ஆந்திர கிராமங்களில் இளவயதுக்காரர்களுக்கு முழங்கால் இரண்டும் உள்பக்கம் வளைந்து இடிக்கிறது, முதுகெலும்பு தடித்திருக்க, கை கால் எலும்புகளோ சுண்ணாம்பு இழந்து மெலிந்திருக்கின்றன என்றார்கள். ஒரே உடம்பில் இரண்டும்! அதன் பிறகு வந்த ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது இது: கால்சியம் குறைவாகச் சாப்பிடும் ஏழைக்குத்தான் ஃப்ளோரைடு அதிகக் கேடு செய்கிறது. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஃப்ளோரைடைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போவது குறையும். இல்லாவிட்டால் ஃப்ளோரைடு முழுசாக உள்ளே போவதோடு, ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே உருவும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க் களிதான் ஞாபகம் வந்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 கூட இல்லை. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 வேண்டும் என்கிறது 2020ல் வந்த இந்தியப் பரிந்துரை. தாத்தா தலைமுறை மூன்று வேளையும் களியும் கூழும் சாப்பிட்டு, அரிசிச் சோற்றைத் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பார்த்த தலைமுறை. அவர்களுக்கு ஒரு கவசம் இருந்திருக்கிறது. பிறகு ரேஷன் அரிசி வந்தது, பசி போனது, களியும் ஒரு வேளையாகச் சுருங்கியது. பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பியும் கடுந்தேநீரும் குடிக்கும் வீடுகள் எத்தனை! தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு என்பது கூடுதல் செய்தி.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு ஏறிய எலும்பு உண்மையிலேயே கனக்கும். ஆனால் அந்த எலும்பைச் சுமக்கும் மனிதர் மெலிந்துகொண்டே போவார். முதுகு விறைத்தால் நடை குறைகிறது, நடை குறைந்தால் தொடைச் சதை கரைகிறது. ஃப்ளோரைடு வயிற்றையும் கெடுப்பதால் பசி மந்தம் வேறு. வயதான காலத்தில் உடம்பு இளைப்பதை நம் ஊரில் யாரும் நோயாகப் பார்ப்பதில்லை, "கட்டை வத்திப்போச்சு" என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிடுகிறோம். சதை இல்லாத கிழவர் தடுமாறி விழுந்தால் தாங்கிப் பிடிக்கவும் பலம் கிடையாது, இடுப்பில் மெத்தென்று ஒன்றும் கிடையாது. நேராக எலும்பில்தான் அடி.

அந்த எலும்புதான் தடித்திருக்கிறதே, உடையாதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேல்நாட்டு மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்த இடம் இது. வயதான பெண்களுக்கு எலும்பு தேய்ந்து உடைகிறது, ஃப்ளோரைடு எலும்பைத் தடிக்க வைக்கிறது, அப்படியானால் அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று 1961லேயே அமெரிக்காவில் தொடங்கினார்கள். ஆமாம், இங்கே நோய் தந்த அதே ஃப்ளோரைடை அங்கே மாத்திரையாக! முப்பது வருடம் பல நாடுகளில் இந்த வைத்தியம் நடந்தது. கடைசியில் மேயோ கிளினிக்கில் ரிக்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஒழுங்காக ஒரு சோதனை செய்து 1990ல் வெளியிட்டார்கள். 202 பெண்கள், எல்லோரும் மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்தவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் தினம் 1500 மில்லிகிராம் கால்சியம். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பு 35 சதவீதம் அடர்த்தி கூடியிருந்தது. படம் பிரமாதம். ஆனால் முதுகெலும்பு முறிவு குறையவில்லை. கை, கால், இடுப்பு என்று மற்ற இடங்களில் முறிவு ஃப்ளோரைடு தரப்பில் 72, மற்றத் தரப்பில் 24. அடர்த்தி கூடியிருக்கிறது, உறுதி கூடவில்லை. சரியாக வேகாத செங்கல்லை எத்தனை அடுக்கினால் என்ன, அந்தக் கதைதான்.

அந்த 75 மில்லிகிராம் மாத்திரையில் தனி ஃப்ளோரைடு என்று பார்த்தால் 34 மில்லிகிராம் தேறும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை வெயிலில் வேலை செய்யும் ஒருவர் 4 லிட்டர் குடித்தால் 20 ஆகிறது. அவர்களுக்குக் கால்சியம் கூடவே தந்தார்கள், மருத்துவர் மேற்பார்வை இருந்தது, நான்கே வருடத்தில் முடிந்தது. நம் ஆட்களுக்கு நாற்பது வருடம், கேட்காமலே.

சரி, ஒகேனக்கல்லுக்குத் திரும்புவோம். மாவட்டத்தின் ஓரத்திலேயே காவிரி ஓடுகிறது, தர்மபுரியிலிருந்து 45 கிலோமீட்டர் போலத்தான். ஓடும் ஆற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு குறைவு. பிறகு ஏன் அதைக் குடிக்கவில்லை? ஆறு பள்ளத்தில், ஊர்கள் மேட்டில். தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேல், ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர். அவ்வளவு உயரம் ஏற்ற மின்சாரமும் குழாயும் பணமும் வேண்டும். அதோடு அது காவிரி, தொட்டால் வழக்கு. பெங்களூருக்குக் குடிநீர் எடுப்பதற்கு நாமும், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு எடுப்பதற்கு அவர்களும் மறுப்பு சொல்வதில்லை என்று 1998ல் மத்திய அரசு முன்னிலையில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஜப்பான் வங்கிக் கடனோடு 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே எல்லைக்கு அந்தப் பக்கம் கொந்தளிப்பு. பேருந்துகள் நின்றன. ஏப்ரல் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் நம் திரையுலகமே உண்ணாவிரதம் இருந்தது. மறுநாளே, கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டம் தள்ளி வைக்கப்பட்டது.

அந்தக் காலப் பத்திரிகைச் செய்திகளைப் படித்துப் பார்த்தேன். எல்லை, நடுத்திட்டு, மானம், ரஜினி என்ன பேசினார் எல்லாம் இருக்கிறது. எலும்பு இல்லை. திட்டத்தின் முழுப் பெயரே "ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம்". பேச்சிலும் எழுத்திலும் முதல் பாதிதான் மிஞ்சியது. சண்டை வந்தது வருடத்துக்கு 1.4 டி.எம்.சி. தண்ணீருக்கு. 2007ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 419 டி.எம்.சி. (2018ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது). அதாவது நம் பங்கிலேயே ஏறக்குறைய 300ல் ஒரு பங்குதான், அதுவும் பிலிகுண்டுலு தாண்டி நம் பக்கம் வந்துவிட்ட தண்ணீர்.

வேலை பிறகு தொடர்ந்தது. மொத்தச் செலவு 1928 கோடி ரூபாய் சொச்சம். 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இரண்டு மாவட்டத்திலும் சுமார் 30 லட்சம் பேருக்கு என்று திட்டமிடப்பட்ட தண்ணீர். இரண்டாம் கட்டம் பற்றிய அறிவிப்பும் பின்னர் வந்துவிட்டது. எங்கள் ஊர்த் தெருக்குழாயில் காவிரி வந்த அன்று பொங்கல் வைத்தார்கள்.

தாத்தாவின் எலும்பில் ஏறியது இனிமேல் லேசில் இறங்காது. எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தில், வருடக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். ஒட்டிப்போன கணுக்கள் பிரியப் போவதில்லை. ஆனால் புதிதாக ஏறுவதை நிறுத்தலாம். தேயாமல் காக்கலாம், விழாமல் பார்த்துக்கொள்ளலாம். பால், களி, கீரை, கொஞ்சம் காலை வெயில், வீட்டுக்குள் வழுக்காத தரை. ஒகேனக்கல் போனால் அங்கே மொறுமொறுவென்று பொரித்துத் தரும் சின்ன மீனை முள்ளோடு மென்று தின்னச் சொல்லியிருக்கிறேன். கழுத்தைப் பலமாக முறிக்கும் மசாஜ் வேண்டாம், எண்ணெய் மட்டும் தேய்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். இதற்கு மட்டும் கோபம் வந்தது.

போன லீவில் ஊருக்குப் போனபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். காவிரித் தண்ணீர் தினமும் வராது, அதனால் ஆயா அதைக் குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைத்திருக்கிறாள். களி கிண்டுவதும் சோறு வடிப்பதும் பழையபடி போர் தண்ணீரில்தான். "அடுப்புல வெந்தா எல்லாம் ஒண்ணுதான கண்ணு" என்றாள். களிக்கு உலை வைக்கும் தண்ணீர் முழுக்கக் களிக்குள்ளேயே இருக்கிறதே! ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். 1937ல் ஆரம்பித்துச் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாள்.

ஆனாலும் மறுநாளிலிருந்து களிக்கும் குழாய்த் தண்ணீர்தான். தாத்தா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஆயா மட்டும் களியில் முன்னே மாதிரி ருசி இல்லை என்று இன்றுவரை போனில் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.